மொட்டைமாடிக் கழுதையின் பயன்கள்

நகர நூலகத்தின் குழந்தைகள் பிரிவு என்பது பின்பக்கத்து நீளமான அறை. அதில் புத்தகங்கள் இருந்தன. குழந்தைகள் வந்தார்கள், பிடித்ததை எடுத்துப் போனார்கள், பாதியைக் கசக்கித் திருப்பிக் கொடுத்தார்கள், வேறொன்றை எடுத்துப் போனார்கள். அங்கே நடந்தது இவ்வளவுதான். இப்படி எந்தத் திட்டமும் இல்லாமல் பதினேழு ஆண்டுகளாக ஒரு காரியம் நடந்துகொண்டிருப்பதை மேலிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த கையோடு சுற்றறிக்கையும் அனுப்பிவிட்டது. "குழந்தைகள் நூல்களை எவ்வித நோக்கமுமின்றி வாசித்து வருவது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இந்நிலை தொடர அனுமதிக்க இயலாது" என்று அது ஆரம்பித்தது. இனிமேல் குழந்தைகள் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு புத்தகமும் ஏதாவது ஒரு விழிப்புணர்வு நாளுக்கோ, மரபு வாரத்துக்கோ உரியதாக இருக்க வேண்டும். அந்த நாள் வரும்போது அதை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். எந்த நாளுக்கும் சேராத புத்தகத்துக்கும், நாள் முடிந்துபோன புத்தகத்துக்கும் 'நோக்கமற்ற நூல்' என்று பெயர். அதை மாதக் கடைசியில் சாக்கில் கட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பிரிவின் நூலகரைக் குழந்தைகள் 'சீல் அத்தை' என்று கூப்பிடுவார்கள். புத்தகம் கொடுக்கும்போது தேதி சீலை அவர் ஓங்கிக் குத்துவார். அந்தச் சத்தம் கேட்பதற்காகவே ஒரு புத்தகம் கூடுதலாக எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. சீல் அத்தை சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அப்போதும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

கூடவே படிவம் ஏழு வந்திருந்தது. ஒன்று முதல் ஆறு வரையிலான படிவங்கள் எங்கே என்று அவர் தொலைபேசியில் கேட்டார். அவை ஏழாவதைத் தயாரிப்பதில் செலவாகிவிட்டன என்று பதில் வந்தது. படிவத்தில் மூன்று பத்திகள். நூலின் பெயர், உரிய நாள் அல்லது வாரம், குழந்தை அடையும் பயன். மூன்றாவது பத்திதான் மற்ற இரண்டையும் விட அகலம்.

இதோடு ஒரு காலண்டரும் வந்தது. ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். காலண்டரில் விழாக்கள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. கை கழுவும் விழிப்புணர்வு நாளும் தண்ணீர்ச் சிக்கன நாளும் ஒரே தேதியில் விழுந்திருந்தன. அன்றைக்குக் குழந்தைகள் கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது குறித்துத் தனியாகத் தெரிவிக்கப்படும் என்று அடியில் குறிப்பு இருந்தது.

சீல் அத்தை மூன்று வாரம் தலை நிமிராமல் வேலை பார்த்தார். பேய்க்கதைகளை எல்லாம் மின்சாரச் சிக்கன வாரத்தில் சேர்த்தார், பேய் இருட்டில்தானே வரும். ராஜா கதைகள் மரபுக் கட்டடங்கள் வாரத்துக்குப் போயின. திருடன் கதைகள் கதவுப் பாதுகாப்பு நாளுக்கு. தூங்குமூஞ்சிக் கரடி, உறக்க விழிப்புணர்வு வாரத்துக்கு. உறக்கத்தில் எப்படி விழிப்புணர்வு என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் அவருக்கும் பழகிவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு புத்தகம் மேசையில் மிச்சமிருந்தது. அதன் பெயர் 'மொட்டைமாடிக் கழுதை'.

இருபத்துநான்கு பக்கம். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு நாள் காலை ஒரு கழுதை நிற்கிறது. எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது, புத்தகமும் சொல்வதில்லை. கொடியில் காயும் துணியைத் தின்கிறது. தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறது. அதை எப்படி இறக்குவது என்று ஆலோசிக்க ஊர் அதிகாரிகள் ஒவ்வொருவராக மாடி ஏறுகிறார்கள். ஏணி வருகிறது, கயிறு வருகிறது, மேசை நாற்காலி வருகிறது, அளவெடுப்பவர் வருகிறார். எல்லோரும் மேலே வந்து சேர்ந்ததும், கழுதை படிக்கட்டு வழியாகச் சாவதானமாக இறங்கிப் போய்க் கீழ்க்கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்திவிடுகிறது, வெளித்தாழ் தானாக விழுகிறது. கடைசிப் பக்கத்தில் கழுதை தெருவில் நின்று மேலே பார்க்கிறது. அவ்வளவுதான் கதை.

இந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு நிரந்தர வாசகி இருந்தாள். நூலகத்துக்கு எதிரே பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவரின் மகள், எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் வந்தபோது, "எனக்குப் படிக்க வராது, நான் சும்மா ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கறேன்" என்றுதான் சொன்னாள். சீல் அத்தை கழுதைப் புத்தகத்தை அவள் முன்னால் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். அரைமணி நேரம் கழித்து, 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. விரலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, கடைசிப் பக்கம் வரைக்கும் அவளே போய்ச் சேர்ந்திருந்தாள். அன்று முதல் பதினான்கு தடவை அதை எடுத்துப் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கழுதை கதவைச் சாத்தும் இடத்தில் சிரிப்பாள். வேறு புத்தகம் எடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுவாள். "இதுல யாரும் மாட்டிக்க மாட்டேங்கறாங்க" என்பாள்.

அந்தப் புத்தகம் ஆலைக்குப் போனால் இந்தப் பிள்ளை ஃபேனுக்குக் கீழே திரும்பிப் போய்விடும் என்று சீல் அத்தைக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் படிவத்தோடு புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு நேரிலேயே போனார்.

அங்கே விழிப்புணர்வு மற்றும் மரபுத் தேர்வுப் பிரிவின் மேற்பார்வையாளர் இருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு விழாக்களும் அவருக்கு மனப்பாடம். ஆகவே ஊழியர்கள் அவருக்குக் 'காலண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. வந்தவர்களை உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார். புத்தகம் மட்டும் படிக்கமாட்டார். படித்தால் ஒரு புத்தகத்தின்மேல் பிரியம் வந்துவிடும், தேர்வில் பாரபட்சம் ஏற்படும் என்பது அவருடைய கொள்கை.

அவர் அட்டையைப் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையையும் பார்த்தார்.

"கழுதை ஏன் மாடிக்குப் போச்சு?"

"அது கதைல வரலைங்க சார்."

"வரலையா? அப்ப இதைப் படிச்சா குழந்தைக்கு என்னதான் தெரிய வரும்?"

"கழுதை மாடில நிக்குதுன்னு தெரிய வரும் சார்."

"தெரிஞ்சு?"

"சிரிப்பாங்க."

காலண்டர் மனதுக்குள் விழாக்களைப் புரட்டினார். "சிரிப்பு நாள் ஒண்ணு இருக்கு மேடம். இல்லைன்னு சொல்லல. ஆனா அது போன மாசமே முடிஞ்சிருச்சு. அன்னைக்கு சிரிப்போட மருத்துவப் பயன்கள்னு ஒரு புத்தகம் வச்சோம்."

"அதைப் படிச்சு யாராவது சிரிச்சாங்களா சார்?"

"அறிக்கையில சிரிச்சதாதான் இருக்கு" என்றார் காலண்டர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "கழுதை மாடில ஏறறது பாதுகாப்புக்கும் ஒத்துவராது பாருங்க. நாளைக்கு ஒரு குழந்தை இதைப் பார்த்துட்டு ஒரு கழுதையை மாடில ஏத்திடுச்சுன்னா யார் பதில் சொல்றது? மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்கு. ஏதாவது ஒரு வாரத்துக்கு ஒத்துவருமான்னு பாருங்க. எனக்கும் புத்தகத்தைச் சாக்குல கட்டறதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் சீல் அத்தை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே புலம்பினார். அவருடைய கணவர் பஸ் கண்டக்டர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயி ஏன் இவ்வளவு மனசு உடைஞ்சு போற? எங்க டிப்போவுல ஒரு பஸ் இருக்கு. காலைல பள்ளிக்கூடம்னு போர்டு மாட்டுவோம். மத்தியானம் அதே பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரின்னு போர்டு. சாயங்காலம் மார்க்கெட். உள்ள கிழிஞ்ச சீட்டு அதேதான், நானும் அதே ஆளுதான். போர்டைப் பாத்துத்தான் ஜனங்க ஏறறாங்க, பஸ்ஸைப் பாத்து இல்ல."

"அது பஸ்ஸுங்க. இது புத்தகம்."

"உங்க சாருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவரு உள்ள ஏறப்போறதில்ல."

சீல் அத்தை கத்தியைக் கீழே வைத்தார். பையிலிருந்து படிவம் ஏழை எடுத்து, வெங்காயக் கையோடு காலண்டரைப் புரட்டினார். அடுத்த வாரம் படிக்கட்டுப் பாதுகாப்பு வாரம். பயன் என்ற அகலமான பத்தியில் எழுதினார்: "படிக்கட்டில் ஓடாமல், ஒருவர்மேல் ஒருவர் முட்டாமல், ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்க வேண்டும் என்பதை ஒரு விலங்கின் வாயிலாகக் குழந்தைகள் உணர்கிறார்கள்." படித்துப் பார்த்தார். பொய் இல்லை. கழுதை நிதானமாகத்தான் இறங்கியது.

இரண்டே நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. பச்சை மையில் 'மிகப் பொருத்தம்' என்று காலண்டர் தன் கைப்பட எழுதியிருந்தார். படிக்கட்டுப் பாதுகாப்புக்கு ஊரில் உள்ள எந்த நூலகத்திலும் ஒரு புத்தகமும் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தது சீல் அத்தைக்கு அப்போது தெரியாது. பூட்டுக்காரர் மகள் வந்து பதினைந்தாவது தடவையாகப் புத்தகத்தை எடுத்தாள். சீல் அத்தை அன்றைக்குக் குத்திய சீல் வாசல்வரை கேட்டது.

ஆனால் ஒரு வாரம் ஏழு நாளில் முடிந்துவிடும். வாரம் முடிந்ததும் கழுதைக்கு மறுபடி நோக்கம் போய்விட்டது. மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது. சீல் அத்தை அடுத்த போர்டை மாட்டினார். கைத்தறி மரபு மாதம்: "கொடியில் பலவகைத் துணிகள் இருந்தும் கழுதை கைத்தறிப் போர்வையையே தேர்ந்தெடுத்து உண்பதன் மூலம் நம் நெசவின் உயர்வு புலனாகிறது." தண்ணீர்ச் சிக்கன நாள்: "தொட்டி நிறைய இருந்தும் கழுதை தேவையான அளவே குடித்தது." மன அமைதி வாரம்: "சுற்றிலும் இருபது அதிகாரிகள் பேசியபோதும் கழுதை நிதானம் இழக்கவில்லை." மரபுக் கட்டடங்கள் வாரத்தில் ராஜாக்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கழுதை நடுவில் நின்றது. "ஒரு கழுதையின் எடையைத் தாங்கும் அளவுக்கு" என்று அந்தப் பயன் தொடங்கியது.

ஒரு தடவை மட்டும் காலண்டர் விளக்கம் கேட்டார். கழுதை உண்டது கைத்தறிதானா என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். படத்தில் அது வெறும் நீலக் கோடு போட்ட துணி. சீல் அத்தை அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கழுதை உண்ட துணி கைத்தறியே என உறுதியளிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து அனுப்பினார். இந்த எழுத்தில் அவருக்கு ஒரு ருசியே தட்டியிருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. பயன் பத்தி போதாமல் பின்பக்கத்திலும் எழுத ஆரம்பித்தார். கண்டக்டருக்கு வாசித்துக் காட்டுவார். கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டே, "போர்டு பஸ்ஸை விடப் பெருசா ஆயிடப் போவுது, பாத்துக்க" என்பார்.

அப்படித்தான் ஆனது. மற்ற நூலகங்களும் இதே காலண்டரோடு இதே போல அவதிப்பட்டுக்கொண்டிருந்தன. எந்த வாரத்துக்கும் பொருந்துகிற ஒரு புத்தகம் இருக்கிறது என்ற செய்தி பரவியதும், எல்லா நூலகங்களும் கழுதை கேட்டு எழுதின. ஆண்டு முடிவில் காலண்டர் கணக்குப் பார்த்தார். வேறு எந்த நூலும் இரண்டு விழாவுக்கு மேல் தாண்டவில்லை. கழுதை மட்டும் பன்னிரண்டு. ஆண்டின் சிறந்த விழிப்புணர்வு நூலாக 'மொட்டைமாடிக் கழுதை' ஒருமனதாகத் தேர்வாயிற்று. தேர்வுக் குழுவில் ஏழு பேர். ஏழு பேருமே பாரபட்சமற்றவர்கள்.

பரிசு என்றால் சும்மா இல்லை. கழுதைக்கு 'விழிப்புணர்வுப் பதிப்பு' ஒன்று அச்சாகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கட்டம் கட்டிப் பயன் இருக்கும். கடைசியில் பயிற்சி வினாக்கள் இருக்கும். எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் படித்து, 'பயன் சீட்டு' எழுதித் தர வேண்டும். பதிப்பு அச்சகத்துக்குப் போனது. அங்கேதான் வினை வந்தது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருந்தார். இந்த ஏற்பாடு முழுவதிலும் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவர். அவர் கடைசிவரை படித்துவிட்டு, இருபதாம் பக்கத்தில் அதிகாரிகளை உள்ளே வைத்துக் கழுதை கதவைச் சாத்துகிறதே, இது சரிதானா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பிவிட்டார்.

காலண்டர் சீல் அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். முகம் வாடியிருந்தது.

"மேடம், இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எதை சார்?"

"கழுதை கதவைச் சாத்துது."

"நீங்க கேக்கலையே சார். ஏன் ஏறுச்சுன்னுதான் கேட்டீங்க. எப்படி இறங்குச்சுன்னு கேக்கல."

"அது ரொம்பத் தப்பா ஆயிடும் மேடம். பாதுகாப்பு விதிப்படி, மாடில ஆள் இருக்கும்போது கீழ்க்கதவைச் சாத்தக் கூடாது. கழுதையா இருந்தாலும்." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "குழு உக்காந்து முடிவை மாத்தி எழுதியிருக்கு. பாருங்க."

புதிய முடிவில் கழுதை, உரிய அலுவலரிடம் அனுமதி பெற்று, கைப்பிடியை ஒட்டியபடி இறங்கி, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனது. அதிகாரிகள் கையசைத்து வழியனுப்பினார்கள்.

"பழைய முடிவுக்காகத்தான் சார் பிள்ளைங்க படிக்குதுங்க" என்றார் சீல் அத்தை.

காலண்டர் மெதுவாக ஒரு கோப்பைத் திறந்தார். பன்னிரண்டு படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதுல எங்கயும் அப்படி எழுதலையே மேடம். படிக்கட்டுக்காகப் படிக்கறாங்கன்னு இருக்கு. நெசவுக்காகன்னு இருக்கு. தண்ணிக்காகன்னு இருக்கு. எல்லாம் உங்க கையெழுத்துதான்."

பழைய பதிப்புகளை எல்லாம் திரும்ப அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தன் அறையிலிருந்த அந்த ஒரே பிரதியை, கசங்கிய மூலைகளை நீவிவிட்டு, சீல் அத்தையே காகிதத்தில் சுற்றிக் கட்டினார். ஒளித்து வைத்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. பதினேழு வருட வேலைப் பழக்கம் அதற்கு முன்னாலேயே வந்து நூலைக் கட்டி முடித்துவிட்டது.

வெளியீட்டு விழா விமரிசையாக நடந்தது. பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புத்தகத்தை இருபத்திரண்டு தடவை எடுத்த பூட்டுக்காரர் மகளையே மேடைக்கு அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு பயன்களையும் அவள் சொல்ல வேண்டும். அவளுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் நான்கு பயன் வரைக்கும் சொன்னாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

"அஞ்சாவது என்னம்மா?" என்று காலண்டர் அன்பாக எடுத்துக் கொடுத்தார்.

"அப்புறம் கழுதை இறங்கிப்போயி கதவைச் சாத்தும்."

"இல்லம்மா. அது பழைய பதிப்பு. இப்ப கழுதை அனுமதி கேட்டுட்டு இறங்கும்."

"யார்கிட்ட?"

"உரிய அலுவலர்கிட்ட."

"அவருக்கு அது எப்படி இறங்கணும்னே தெரியாதே. அதுக்குத்தான மாடி ஏறுனாரு."

கூட்டத்தில் யாரோ பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். அவளுக்குப் புதிய பதிப்பைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கீழே இறங்கி வந்ததும் அவள் அதை நேராகச் சீல் அத்தையிடம் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்களே வச்சுக்கோங்க அத்தை. இதுலயும் யாரும் மாட்டிக்கல" என்று சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் அவள் நூலகப் பக்கமே வரவில்லை. மேசைமேல் விழிப்புணர்வுப் பதிப்பு நாற்பது பிரதி அடுக்கிக் கிடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், கட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள், சீட்டைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. 'அமைதி காக்கவும்' பலகை முதன்முறையாகத் தன் வேலையைச் செய்தது. சீல் அத்தை எதிர்க் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை கடை வாசலில் பழைய சாவிகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது வாரம் நூலக அலமாரிப் பூட்டுக்கு மாற்றுச் சாவி வெட்டக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து கொடுக்க அப்பா அவளை அனுப்பினார். சாவியைப் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டில் கையெழுத்து வேண்டும். சீல் அத்தை பேனா தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை மேசையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அங்கே தடிமனான ஒரு கோப்பு திறந்து கிடந்தது. மேலிடச் சுற்றறிக்கைகள், படிவங்கள், விளக்கக் கடிதங்கள், பதில்கள் எல்லாம் தேதி வாரியாகக் கோத்த கோப்பு. அவள் விரலை ஒரு வரிக்கு அடியில் வைத்தாள். உதடு அசைந்தது.

"கழுதை... உண்ட... துணி... கைத்... தறியே... என..."

பேனா கிடைத்துவிட்டது. சீல் அத்தை நிமிர்ந்து பார்க்கும்போது பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு. பலகைக்கு நேர் கீழே.

"அத்தை, இது எந்த வாரத்துக்கு?"

"எந்த வாரத்துக்கும் இல்லம்மா."

"பயன் சீட்டு எழுதணுமா?"

"வேணாம்."

"அப்ப எனக்கு இது வேணும்."

சீல் அத்தை அவளைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு தாளுக்கும் தான்தான் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியும். பசையை எடுத்தார். கோப்பின் உள்ளட்டையில் ஒரு தேதித் தாளை ஒட்டினார். சீலை ஓங்கிக் குத்தினார்.

ஐந்து நாளில் அவள் முழுக்கப் படித்துவிட்டாள், கோப்பு நூற்று எண்பது பக்கம். நடுவில் தெரியாத சொற்களுக்கு அப்பாவைப் பிடுங்கியிருக்கிறாள். அப்பாவும் பூட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து படித்திருக்கிறார். திருப்பிக் கொண்டுவந்தபோது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அந்தக் காலண்டர் அனுப்பற மாமா நல்லா இருக்காரு. ஆனா இதுல ஒரு அம்மா வருவாங்கல்ல, கடுதாசி எழுதிக்கிட்டே இருப்பாங்களே, கழுதைக்கு மன அமைதின்னு, அவங்கதான் ரொம்ப சிரிப்பு. நெஜமாவே அப்படி யாராவது இருப்பாங்களா அத்தை?"

"இருப்பாங்கம்மா" என்றார் சீல் அத்தை.

"முதல்ல அந்தக் கழுதையைக் காப்பாத்தத்தான் அவங்க மாடி ஏறறாங்க. அப்புறம் எல்லாரும் ஏறிடறாங்க. கழுதை எப்பவோ எறங்கிப் போயிடுச்சு. இவங்க யாருக்குமே தெரியல." அவள் கோப்பை மேசையில் வைத்தாள். "எங்க அப்பாவுக்கு இன்னொரு தடவை வேணுமாம்."

அப்பாவுக்குப் பிறகு நூலக வாசல் காவலர் கேட்டார். கண்டக்டர் கேட்டார். அவர் டிப்போவிலிருந்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். காலண்டர் ஆண்டாய்வுக்காக வந்து நின்ற நாளில் கோப்பு இடத்தில் இல்லை.

"ஃபைல் எங்க மேடம்?"

"வெளிய போயிருக்கு சார். வாசிப்புக்கு."

"யாரு அனுமதி குடுத்தா?"

"உங்க சுற்றறிக்கைதான் சார். எந்த வாரத்துக்கும் சேராததை இங்க வச்சிருக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆலைக்கு அனுப்பறதா, ஆளுங்களுக்குக் குடுக்கறதான்னு யோசிச்சேன்."

காலண்டர் யோசித்தார். விதிப்படி அதில் தவறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. "எப்ப திரும்பி வரும்?" என்றார் மெதுவாக.

"பதிவு பண்ணினா வரிசைப்படி கிடைக்கும் சார். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

அவர் பதிவுச் சீட்டை வாங்கி, பேனாவைத் திறந்து, பெயர் எழுதினார், முகவரி எழுதினார். கடைசியில் 'எதற்காக வாசிக்க விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அது அவருடைய அலுவலகமே சேர்த்த கட்டம். நீண்ட நேரம் அதையே பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். வருடம் சுற்றி மறுபடி அதே வாரம் வந்திருந்தது. 'படிக்கட்டில் பாதுகாப்பாக இறங்குவதற்கு' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிக் கிளம்பினார்.

நூலக வாசலில் மூன்றே படி. காலண்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார். பூட்டுக்காரர் மகள் ஜன்னல் ஓரத்தில் நின்று அதைக் கடைசிப் படி வரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பினாள். சீல் அத்தையின் கையில் அன்று காலை வந்த படிவம் எட்டு இருந்தது. பயன் பத்தியில் பாதிக்குமேல் எழுதியாகிவிட்டது.

"ஒருத்தரு எறங்கிட்டாரு அத்தை" என்றாள் பிள்ளை. "நீங்க எப்ப எறங்குவீங்க?"